துடிப்பும் இடைவெளியும்: வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைத் தொடும் விதம்

எலியின் கல்லீரலில் ஒரு சிறு துண்டை எடுத்து அதிலுள்ள எம்ஆர்என்ஏவை (மரபணுவைப் படித்து எழுதிய நகல்) அளந்தால், எலியைப் பார்க்காமலே அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். ஆணின் கல்லீரலில் சிஒய்பி2சி11 என்ற நொதிக்கான எம்ஆர்என்ஏ கொட்டிக்கிடக்கும். பெண்ணிடம் அது இருக்காது, சிஒய்பி2சி12 இருக்கும். இரண்டுமே ஸ்டீராய்டுகளை மாற்றிக் கழிக்கும் நொதிகள். டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் நேரடியாகச் செய்கிற வேலை இது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்துவிட்ட எலிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தாலும் ஆண் நொதி திரும்பி வராது. வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தால் வரும். அதையும் விட்டுவிட்டுக் கொடுத்தால்தான் ஆண் நொதி வரும். அதே ஹார்மோனைத் தோலுக்கடியில் சிறு பம்ப் வைத்து ஓயாமல் கசியவிட்டால் பெண் நொதி வந்துவிடும். நல்ல ஆரோக்கியமான ஆண் எலிக்கு அந்தப் பம்பை வைத்தாலும் அதன் கல்லீரல் பெண் கல்லீரலாகத் திரும்புகிறது.

இயற்கையிலும் இப்படித்தான். ஆண் எலியின் பிட்யூட்டரி ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஹார்மோனைக் கொட்டும். நடுவில் ரத்தத்தில் அளக்க முடியாத அளவுக்கு அது வற்றிப்போகும். பெண் எலியில் துடிப்புகள் நெருக்கமாக வருவதால் அடிமட்டம் ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. பாலியல் ஹார்மோன்கள் இந்தத் தாளத்தை மூளையில் அமைத்துக் கொடுக்கின்றன. கல்லீரல் கேட்பது தாளத்தைத்தான். அமெரிக்காவில் டேவிட் வாக்ஸ்மன் குழு துடிப்புகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்தது. ஆண் வடிவம் உருவாக, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே சுமார் இரண்டரை மணி நேரம் ஹார்மோனே இல்லாத ஓய்வு வேண்டும். அது குறைந்தால் எவ்வளவு உயரமான துடிப்பாக இருந்தாலும் பயனில்லை.

வளர்ச்சி ஹார்மோன் என்றதும் பலர் மனதில் வருவது உரம் போன்ற ஒரு பொருள்: கூடுதலாகப் போட்டால் கூடுதலாக வளரும். 191 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எப்போது வந்தது, விட்டு எவ்வளவு நேரமானது, வந்து சேர்ந்த செல் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தது ஆகிய மூன்றும் தெரியாமல் இதன் செயலைச் சொல்லவே முடியாது.

செல்லின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1992இல் வெளியான படிக அமைப்பு, ஒரு ஹார்மோன் மூலக்கூறு இரண்டு ஏற்பிகளை (ஹார்மோன் வந்து ஒட்டும் செல் மேற்பரப்புப் புரதங்களை) பிடித்திருப்பதைக் காட்டியது. தனித்தனியே அலையும் இரண்டு ஏற்பிகளை ஹார்மோன் வந்து சேர்த்து வைக்கிறது என்று அப்போது விளக்கினார்கள். பாடப்புத்தகங்கள் பலவற்றில் இன்னும் அந்தப் படம்தான் இருக்கிறது. பின்னால் தெரியவந்தது வேறு. ஏற்பிகள் ஹார்மோன் வருவதற்கு முன்பே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல ஜோடியாகத்தான் நிற்கின்றன. ஹார்மோன் வந்து உட்காரும்போது ஜோடி சற்றே திருகிக்கொள்கிறது. சவ்வுக்கு உள்பக்கமுள்ள கால்கள் அகல்கின்றன. ஒவ்வொரு காலிலும் ஜாக்2 என்ற நொதி ஒட்டியிருக்கும். அதுவரை ஒரு ஜாக்2இன் போலிப் பகுதி, எதிரிலுள்ள ஜாக்2இன் வேலை செய்யும் பகுதியை அமுக்கிப் பிடித்திருந்தது. கால் அகன்றதும் பிடி விடுபடுகிறது. இரண்டு ஜாக்2களும் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன. 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு இதை விளக்கியது.

இதிலிருந்து கிளம்பிய ஒரு நடைமுறைப் பலனையும் சொல்ல வேண்டும். ஹார்மோனின் 120ஆவது இடத்திலுள்ள கிளைசினை அர்ஜினினாக மாற்றினால், அது ஒரு பக்க ஏற்பியைப் பிடிக்கும். மறுபக்கத்தைச் சரியாகப் பிடிக்காது. ஜோடி திருகாது, சமிக்ஞை எழாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். ஜான் கோப்சிக் ஆய்வகத்தில் இந்த மாற்றத்தோடு பிறந்த சுண்டெலிகள் குள்ளமாக இருந்தன. அதே இடத்தில் லைசினை வைத்து உருவான பெக்விசோமன்ட் இன்று, வளர்ச்சி ஹார்மோன் மிகுதியால் கைகால் பருக்கும் அக்ரோமெகலி நோயாளிகளுக்கு மருந்து.

இனி உட்கருவுக்குப் போகும் வழி. ஜாக்2 முதலில் ஏற்பியின் வாலிலுள்ள டைரோசின்களில் பாஸ்பேட் ஏற்றுகிறது. அந்த இடங்களில் ஸ்டாட்5பி என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. அதன் 699ஆவது இடத்திலுள்ள டைரோசினிலும் பாஸ்பேட் ஏறுகிறது. ஏறியதும் இரண்டு ஸ்டாட்5பிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் டிடிசி என்று தொடங்கி, நடுவே ஏதேனும் மூன்று எழுத்து விட்டு, ஜிஏஏ என்று முடியும் இடங்களில் அமர்கின்றன. ஹார்மோன் ஏற்பியைத் தொட்டதிலிருந்து இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்தான். இதே ஜாக்2விலிருந்து ராஸ், இஆர்கே என்ற புரதங்கள் வழியாக இன்னொரு கிளை பிரிந்து ஃபாஸ் போன்ற மரபணுக்களை எழுப்பும். பிஐ3 கைனேஸ் என்ற நொதி வழியாக வளர்சிதை மாற்றத்துக்கு ஒரு கிளை போகிறது. ஆனாலும் உயரம், கல்லீரலின் ஆண் பெண் வேறுபாடு இரண்டுக்கும் முதன்மைச் சாலை ஸ்டாட்5பிதான். அந்த மரபணுவை நீக்கிய ஆண் சுண்டெலி பெண்ணின் அளவுக்கே வளரும். கல்லீரலும் பெண் கல்லீரல் போல ஆகிவிடும்.

எலியின் தாளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கும். ஒரு துடிப்பு வந்ததும் ஸ்டாட்5பி மொத்தமாக உட்கருவுக்குப் பாய்கிறது. ஹார்மோன் வற்றியதும் பாஸ்பேட் கழற்றப்பட்டு, உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்துக்குத் திரும்புகிறது. அடுத்த துடிப்புக்குள் முழுப் படையும் தயார். பெண்ணின் கல்லீரலில் படை முழுதாகத் திரும்புவதே இல்லை. கொஞ்சம் எப்போதும் உட்கருவில் இருந்துகொண்டே இருக்கும். அந்த ஓயாத இருப்பு சியூஎக்ஸ்2 போன்ற பெண் கல்லீரலுக்கே உரிய அடக்கும் புரதங்களை எழுப்பி, ஆண் மரபணுக்களை மூடச் செய்கிறது. ஆணில் பிசிஎல்6 என்ற புரதம் மிகுதி. ஸ்டாட்5 அமரும் அதே டிஎன்ஏ இடங்களில் அதுவும் அமரும். பெண் மரபணுக்களை அடக்கி வைக்கும். ஹார்மோன் ஓயாமல் கசிந்தால் பிசிஎல்6 குறைந்துபோகும். அப்படிப் பார்த்தால் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. யார் உட்காருவது என்பதை இடைவெளி முடிவு செய்கிறது.

எழுந்த மரபணுக்களில் சில ஹார்மோனையே அடக்குபவை. எஸ்ஓசிஎஸ்2, சிஐஎஸ் இரண்டும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து, ஏற்பியின் வாலில் ஒட்டி, சமிக்ஞையைத் தணித்து, ஏற்பியைச் சிதைவுக்கு அனுப்புகின்றன. எஸ்ஓசிஎஸ்2 இல்லாத சுண்டெலி இயல்பைவிட 30 முதல் 40 சதவீதம் பெரிதாக வளர்கிறது. ஹார்மோன் கூடாமலே இது நடக்கிறது, தடை போனதே காரணம்.

இன்னொரு மரபணு, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1. வளர்ச்சி குறைந்த குழந்தைக்குப் பரிசோதனைக் கூடத்தில் அளப்பது பெரும்பாலும் இதைத்தான். வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்தில் இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். துடிப்பாக வேறு வரும். காலையில் ஏதோ ஒரு நேரத்தில் ஒரு குழாய் ரத்தம் எடுத்து "ஹார்மோன் குறைவு" என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே எடுத்தால் எந்தக் குழந்தைக்கும் குறைவாகத்தான் காட்டும். ஐஜிஎஃப்-1 அப்படி ஏறி இறங்குவதில்லை. அதன் மரபணுவில் ஸ்டாட்5பி அமரும் இடங்கள் வழக்கம்போல மரபணுவின் தொடக்கத்திலுள்ள முகப்பில் இல்லை. இரண்டாவது இன்ட்ரானிலும் (புரதத்துக்குப் போகாமல் வெட்டப்படும் துண்டு), பல்லாயிரம் எழுத்துகள் தள்ளியும் சிதறிக் கிடக்கின்றன. டிஎன்ஏ மடிந்து வளைந்து அவற்றை முகப்புக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. முகப்பை மட்டும் வெட்டி எடுத்து, அது இயங்கினால் ஒளிரும் லூசிஃபெரேஸ் சோதனை செய்தவர்கள் ஹார்மோனுக்கு அது அசையவில்லையே என்று குழம்பியது இதனால்தான்.

செல் வேறுபாட்டுக்கு வருவோம். இங்கே ஹார்மோனின் குணம் இன்னும் கொஞ்சம் வேடிக்கையானது.

ஹோவர்ட் கிரீன் ஆய்வகத்தில் பிரித்தெடுத்த 3டி3-எஃப்442ஏ என்ற சுண்டெலிச் செல்கள் தட்டில் நார்ச்செல் போல நீண்டு, ஒட்டிப் படுத்திருக்கும். தட்டு நிரம்பியதும் தகுந்த சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) கிடைத்தால் அவை மெல்ல உருண்டு திரளும். உள்ளே மணல் போலச் சிறு துளிகள் தோன்றும். துளிகள் சேர்ந்து பெரிதாகி, ஏழு முதல் பத்து நாளில் தட்டு முழுக்கக் கொழுப்புச் செல்கள். ஆயில் ரெட் ஓ சாயம் ஊற்றினால் சிவப்பு வெறும் கண்ணுக்கே தெரியும். கன்றுக்குட்டி, மாட்டுக்கரு சீரங்களில் இது நடக்கும். பூனைச் சீரத்தில் நடக்காது. செல்கள் உயிரோடு இருக்கும், பெருகும், ஆனால் மாறாது. சீரத்தில் இருந்த அந்த மாற்றும் பொருள் வளர்ச்சி ஹார்மோன்தான் என்று 1982இல் கிரீன் குழு காட்டியது. பூனைச் சீரத்தில் ஹார்மோனைச் சேர்த்தால் கொழுப்புத் துளிகள் வருகின்றன.

அடுத்த கண்டுபிடிப்பு என் பார்வையில் இந்தத் துறையின் அழகான வாதங்களில் ஒன்று. மாறத் தொடங்கிய இளம் செல்கள் ஐஜிஎஃப்-1க்கு உணர்வுள்ளவையாகின்றன; அது வந்தால் பிரிந்து பெருகுகின்றன. மாறாத முன்னோடிச் செல்கள் ஐஜிஎஃப்-1ஐ அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆக, வளர்ச்சி ஹார்மோன் முன்னோடியை ஒரு பாதையில் ஏற்றிவிடுகிறது. ஏறியதை எண்ணிக்கையில் பெருக்குவது ஐஜிஎஃப்-1. கிரீன் இதை 1985இல் இரட்டைச் செயல் கோட்பாடு என்று முன்வைத்தார். அதற்கு முன் நிலவியது 1957இல் சால்மனும் டாஹடேவும் தொடங்கிவைத்த கருத்து: ஹார்மோன் கல்லீரலைத் தூண்டுகிறது, கல்லீரல் இடைப்பொருளை அனுப்புகிறது, அதுதான் எலும்பை வளர்க்கிறது.

எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டில் இரண்டு கருத்தும் மோதின. 1982இல் ஸ்வீடனில் இசாக்சன் குழு, பிட்யூட்டரி நீக்கிய எலியின் ஒரு காலின் வளர்ச்சித் தட்டுக்குள் மட்டும் ஹார்மோனைச் செலுத்தியது. அந்தக் கால் எலும்பு மட்டும் கூடுதலாக வளர்ந்தது. கல்லீரல் வழியாகத்தான் எல்லாம் என்றால் இரண்டு காலும் சமமாக வளர்ந்திருக்க வேண்டும். பிறகு ஐஜிஎஃப்-1ஐ முடக்கும் எதிர்ப்புரதத்தையும் சேர்த்துச் செலுத்தியபோது அந்த உள்ளூர் விளைவு அடங்கியது. அதாவது ஹார்மோன் வளர்ச்சித் தட்டின் ஓய்வு மண்டலச் செல்களைத் தட்டியெழுப்ப, அங்கேயே உற்பத்தியாகும் ஐஜிஎஃப்-1 பெருக்க மண்டலத்தில் வேலையைத் தொடர்கிறது. 1999இல் கல்லீரலில் மட்டும் ஐஜிஎஃப்-1 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 சுமார் 75 சதவீதம் விழுந்தது. எலிகளோ கிட்டத்தட்ட இயல்பாகவே வளர்ந்தன. இதை வைத்து ரத்த ஐஜிஎஃப்-1க்கு வேலையே இல்லை என்று சொல்வோரும் உண்டு; அது அவசரம். அந்த எலிகளில் ஐஜிஎஃப்-1 பிட்யூட்டரிக்குப் போடும் தடை குறைந்து வளர்ச்சி ஹார்மோன் ஏறியிருந்தது. ஏறிய ஹார்மோன் எலும்பில் நேராக ஈடுகட்டியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கொழுப்புச் செல்லுக்குத் திரும்பினால் ஒரு முரண். 3டி3-எஃப்442ஏவில் கொழுப்பாக மாற்றும் ஹார்மோன், மனிதனிடமிருந்து நேரடியாக எடுத்த முன்னோடிக் கொழுப்புச் செல்லில் மாற்றத்தைத் தடுக்கிறது, பெருக்கத்தைத்தான் தூண்டுகிறது. முதிர்ந்த கொழுப்புச் செல்லிலோ சேர்த்து வைத்ததைக் கரைக்கிறது. இதில் எந்த முடிவும் தவறில்லை. 3டி3-எஃப்442ஏ பாதி தூரம் ஏற்கெனவே நடந்துவிட்ட செல். மனித முன்னோடிச் செல் வேறு படியில் நிற்கிறது. ஒரே ஸ்டாட்5 வந்தாலும், குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த சுருள்) எங்கெங்கே திறந்திருக்கிறது, கொழுப்புச் செல்லின் மரபணுக்களை இயக்கும் சி/இபிபி, பிபிஏஆர்-காமா போன்ற புரதங்கள் எவ்வளவு ஏற்கெனவே இருக்கின்றன என்பதைப் பொறுத்து வேறு மரபணுக்கள் எழுகின்றன. ஒரு செல்வரிசையில் கண்டதை உடம்புக்குப் பொதுவாகச் சொல்லும் கட்டுரைகளைப் பார்த்தால் முதலில் செல்லின் பெயரைத் தேடுங்கள்.

ஆய்வகத்தில் இதைச் செய்து பார்ப்போருக்குச் சில விஷயங்கள். முதல் தவறு பெரும்பாலும் ஹார்மோனைத் தேர்ந்தெடுப்பதிலேயே நேர்கிறது. மனித வளர்ச்சி ஹார்மோன் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதைச் சுண்டெலிச் செல்லில் போடுவார்கள். அது வேலை செய்யும், ஆனால் புரோலாக்டின் ஏற்பியையும் பிடிக்கும். பார்த்தது எந்த ஏற்பியின் வேலை என்று பிறகு பிரிக்க முடியாது. எலி, சுண்டெலிச் செல்களுக்கு மாட்டு ஹார்மோனோ எலி ஹார்மோனோ போடுவதுதான் நேர்மை. மறுபக்கம், மனிதச் செல்லில் மாட்டு ஹார்மோன் போட்டால் ஒன்றும் நடக்காது. மனித ஏற்பியின் 43ஆவது இடத்தில் அர்ஜினின் இருக்கிறது. குரங்கினம் அல்லாத பாலூட்டிகளில் அங்கே லியூசின். மனித ஹார்மோனின் 171ஆவது அஸ்பார்ட்டேட் அந்த அர்ஜினினோடு பொருந்தும். மாட்டு ஹார்மோனில் அந்த இடத்திலுள்ள ஹிஸ்டிடின் முட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் மாட்டுப் பிட்யூட்டரிச் சாறு மனிதக் குழந்தைகளிடம் பலிக்காமல் போனதற்குக் காரணமும் இந்த ஓரெழுத்துப் பொருந்தாமைதான்.

ஹார்மோனைக் கரைக்கும்போது வோர்ட்டெக்ஸில் போட்டுக் குலுக்காதீர்கள். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து கட்டியாகிவிடும். குழந்தைக்குப் போடும் குப்பியையும் உருட்டிக் கரைக்க வேண்டும், குலுக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் அல்புமின்) கலந்து வையுங்கள்; இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பாதி காணாமல் போகும். சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்காமல் இருப்பது நல்லது.

செல்களை முந்தைய இரவே சீரம் இல்லாத, 1 சதவீத பிஎஸ்ஏ கலந்த ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். சீரத்திலேயே ஹார்மோன் இருப்பதால் பட்டினி போடாத செல்லில் அடிமட்டமே உயர்ந்திருக்கும். காலையில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம், அதாவது சுமார் 23 நானோமோலார் அளவு ஹார்மோன், பத்து நிமிடம், பனிக்கட்டிமேல் தட்டை வைத்துக் குளிர்ந்த உப்புக்கரைசலில் கழுவி, 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட் கலந்த கரைசலில் உடைப்பது. வனடேட்டை பிஹெச் 10க்குக் கொண்டுவந்து நிறம் போகும்வரை கொதிக்கவிட்டிருக்க வேண்டும். மஞ்சளாக இருக்கும்போதே ஊற்றினால் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் அடங்காது, பிறகு எதிர்ப்புரதத்தால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை மங்கும். அந்த பிளாட்டில் பால் பவுடரைத் தவிருங்கள். கேசினே பாஸ்பேட் நிறைந்த புரதம்; பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடிக்கும் பாஸ்போ எதிர்ப்புரதத்தில் பின்னணி ஏறும். 5 சதவீத பிஎஸ்ஏ போதும். 90 கிலோடால்டன் அருகே ஸ்டாட்5 பட்டை வரும். அது ஸ்டாட்5ஏவா 5பியா என்று வழக்கமான பாஸ்போ எதிர்ப்புரதம் சொல்லாது.

அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சமிக்ஞை கூடும் என்று எண்ண வேண்டாம். மிக மிக அதிகச் செறிவில் ஒவ்வொரு ஏற்பியும் தனக்கென ஒரு ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். ஜோடிக்கு நடுவே ஒன்று உட்காரும் அமைப்பு கெட்டு, வரைபடம் மணி வடிவில் கீழே இறங்கும்.

ஆர்என்ஏ அளப்பதில் நேரம்தான் எல்லாம். ஃபாஸ் 30 நிமிடத்தில் உச்சிக்குப் போய் ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் செல்லை எடுத்துவிட்டு ஃபாஸ் மாறவில்லை என்று எழுதுவது, தேர் நிலைக்கு வந்தபின் தெருவில் போய் நிற்பது போல. போதாக்குறைக்கு ஊடகத்தை மாற்றுவதே ஃபாஸைக் கிளப்பும். ஆகவே கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே அசைவு, அதே ஊடகம், ஹார்மோன் மட்டும் இல்லாமல். ஹார்மோன் வேலை செய்ததா என்று உறுதிசெய்ய ஒரு மணி நேரத்தில் சிஐஎஸ் மரபணுவைப் பாருங்கள். ஐஜிஎஃப்-1 எம்ஆர்என்ஏ சேர்வதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுச் செல்லில் ஏற்பி மிகக் குறைவு என்பதால் கல்லீரல் என்று அதை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். நேரடியாக எடுத்த கல்லீரல் செல்லும் தட்டில் நாள் செல்லச் செல்ல உணர்வை இழக்கும்.

மருத்துவத்தில் இந்தப் பாதை உடையும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நோய் இருக்கிறது. 1966இல் இஸ்ரேலில் ஸ்வி லாரன் விவரித்த குள்ளத்தன்மையில் ரத்தத்தில் ஹார்மோன் ஏராளம், ஐஜிஎஃப்-1 இல்லை. உடைந்தது ஏற்பி. ஈக்வடாரின் தென்பகுதியில் இந்த நோயுள்ள பெரிய குழு வாழ்கிறது. அவர்களிடம் உள்ள மாற்றம் நுட்பமானது: 180ஆவது குறியீட்டில் ஜிஏஏ, ஜிஏஜியாக மாறியிருக்கிறது. இரண்டுமே குளுட்டாமிக் அமிலம், ஆகவே எழுத்து மாறியும் பொருள் மாறவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஜி வந்ததால் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் இடம் முன்னால் தள்ளிப்போய், எட்டு அமினோ அமிலங்கள் விடுபட்டு, ஏற்பி கெட்டுவிடுகிறது. இவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி வீண். ஐஜிஎஃப்-1ஐத்தான் நேராகக் கொடுக்க வேண்டும். 2003இல் மனிதரில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஸ்டாட்5பி குறைபாட்டில் குள்ளத்தன்மையோடு நுரையீரல் நோயும் நோயெதிர்ப்புக் குறைவும் சேர்ந்து வரும். ஸ்டாட்5பியை, நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 போன்றவையும் பயன்படுத்துவதுதான் காரணம். குள்ளமான குழந்தைக்குத் தீராத மார்புத்தொற்றும் இருந்தால் ஏற்பியோடு நிற்காமல் அடுத்த படியையும் சோதிக்க வேண்டும்.

உடையாமலே மந்தமாவதும் உண்டு. கடும் ஊட்டக்குறைவில் ஹார்மோன் ஏறி, ஐஜிஎஃப்-1 விழும். அங்கே ஊசிக்கு முன் சோறும் பருப்பும்தான் சிகிச்சை. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் எஸ்ஓசிஎஸ்2ஐக் கூட்டி ஜாக்2ஐத் தணிக்கும். மாத்திரையாக விழுங்கினால் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்கு அதிகச் செறிவில் போவதால் ஐஜிஎஃப்-1 இறங்கும். தோலில் ஒட்டும் பட்டையில் இந்தத் தொல்லை இல்லை. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு வளர்ச்சி ஹார்மோன் அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் பட்டைக்கு மாற்றலாமா என்று கேட்பது செலவும் குறைவு.

குழந்தைகளுக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம். தோலுக்கடியில், இரவில், இயற்கையின் பெரிய துடிப்பு ஆழ்ந்த தூக்கத்தில் வருவதை ஒட்டி. இப்போது வாரம் ஒருமுறை போடும் வகைகளும் வந்துவிட்டன. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோனபெக்சோமட்ரோபின் ஹார்மோனை வாரம் முழுக்க மெல்ல விடுவிக்கிறது. எலிக் கல்லீரலை நினைத்தால் உறுத்தும். ஆனால் குழந்தைகளின் உயரம் தினசரி ஊசிக்குக் குறையவில்லை. முக்கியச் சோதனையில் முதல் ஆண்டு வளர்ச்சி 11.2 சென்டிமீட்டர், தினசரி ஊசியில் 10.3. மனிதக் கல்லீரலில் ஆண் பெண் வித்தியாசம் எலியைப் போல அவ்வளவு கூர்மையானதும் இல்லை. மாறியது ரத்தப் பரிசோதனையின் கணக்கு. தினசரி ஊசியில் ஐஜிஎஃப்-1ஐ எந்த நாள் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வார ஊசியில் முதல் சில நாளில் உச்சிக்கு ஏறி, அடுத்த ஊசிக்குள் இறங்கிவிடும். ஊசி போட்டது எந்தக் கிழமை, ரத்தம் எடுத்தது எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதாமல் அனுப்பினால், வரும் எண்ணை வைத்து அளவைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.